ஒரு சாவு, இரண்டு படங்கள்

1

இந்தக் கதை ரொட்டிக்கடை எதிரே உள்ள விளக்குக் கம்பத்தில் எனக்குக் கிடைத்தது. எங்கள் பல்கேரியச் சிற்றூர்களில் யார் இறந்தாலும் படம் போட்ட அறிவிப்புத் தாளைக் கதவு, மரம், கம்பம் எல்லாவற்றிலும் ஒட்டுவோம். அந்தத் தாளில் சாவு ஒன்று, படங்கள் இரண்டு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மெத்தோதி இறந்த காலையில் வானமே அழுதது போல...’

(அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில். துக்கம் என்றதும் வானத்தைத் துணைக்கு இழுக்கிற புத்தி போகமாட்டேன் என்கிறது.)

2

ஸஃபீருக்கு நாற்பத்தெட்டு வயது. அறிவு வளர்ச்சி குறைவு என்று கோப்பு சொல்கிறது. முப்பது வருடம் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய விடுதியில், பூட்டிய கதவுக்குள், மெத்தோதியின் பக்கத்துக் கட்டிலில் கிடந்தான். விடுதியை மூடியபின் ஆறு பேராக ஊருக்குள் இருக்கிற இந்தச் சின்னக் காப்பக வீட்டுக்கு வந்தார்கள். கூட நாங்கள் சில உதவியாளர்கள். தினமும் காலையில் தனியாகப் போய் ரொட்டி வாங்கி வர ஸஃபீர் ஒரு வருடம் பழகினான். அவனுக்கென்று இருந்த சொத்து அதுதான்.

மெத்தோதி நிமோனியாவில் போய்ச் சேர்ந்தான். முப்பது வருடம் எட்டிப் பார்க்காத அவன் அக்கா அறிவிப்பு அச்சடித்து அனுப்பினாள். ஊரில் ஐந்து இடத்தில் ஒட்டினோம். துக்கப்படுவோர் வரிசையில் அவள் பெயர், அவள் பிள்ளைகள் பெயர். இந்த வீட்டில் இருப்பவர்களின் பெயர் வெளியே வரக்கூடாது என்பது விதி. எல்லாம் அவர்கள் நன்மைக்குத்தானாம்.

ஸஃபீர் பசை கேட்டான். உதவியாளர் தாஃபின்கா எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள்.

3

அடையாள அட்டைக்கு எடுத்ததில் மிஞ்சிய தன் படங்களை, ஐந்து தாள்களிலும் மெத்தோதி பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்தான். செத்தவனுக்கு வேண்டியவர்கள் தாளில் இருக்க வேண்டும். எழுத வராது, முகம் இருக்கிறதே. அவன் கணக்கு அது. ஊர் வேறு கணக்குப் போட்டது. மதியம் பக்கத்து வீட்டு ஸ்தொயன்கா நான்கு பூக்களோடு வந்தாள். (இரட்டைப்படையில் பூ கொடுப்பது இங்கே சாவுக்கு மட்டும்.) கதவைத் திறந்தது ஸஃபீர்.

“அடப்பாவி, நீ சாகலையா?”

“இல்லையே. நான் மெத்தோதியோட ஆளு,” என்று பூவை வாங்கிக்கொண்டான்.

(இங்கே சிரிக்கலாம். நானும் சிரித்தேன். இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல கதை.)

4

உயிரோடு இருப்பவன் படம் சாவு அறிவிப்பில் எப்படி என்று ஊரிலிருந்து புகார் வந்தது. மேலாளர் வெனெத்தாவைக் கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. மெத்தோதியின் கடைசி இரண்டு நாளும் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தவள் அவள். சமையலறையில் எல்லாரையும் நிற்கவைத்துக் கேட்டாள்.

“இது யாருக்காவது தெரிஞ்சு நடந்துச்சா? தெரிஞ்சிருந்தா பரவால்ல, நான் பாத்துக்கறேன். இவனாவே பண்ணியிருந்தா இனிமே தனியா வெளிய விட முடியாது.”

பசை நான் கொடுத்தேன் என்று தாஃபின்கா சொல்லியிருக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவள். இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டு...

(தாஃபின்கா நான்தான். மூன்றாம் ஆளாக எழுதினால் குற்றம் கொஞ்சம் தள்ளி நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை.)

5

முடிவு ஒன்று: தாஃபின்கா வாயைத் திறக்கிறாள். பொய், கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: வெனெத்தா மனம் இளகி...

முடிவு மூன்று: ஸஃபீர் மறந்துவிடுகிறான். மறக்கவில்லை. தினமும் காலையில் காலணி கட்டி, பையோடு, இப்போது பூட்டியே இருக்கிற வாசல் கதவுக்கு உள்பக்கம் வந்து நிற்கிறான். நேற்று என்னிடம் கேட்டான்.

“அக்கா, மெத்தோதி செத்ததுக்கு நான் என்ன தப்பு பண்ணேன்?”

“நீ ஒண்ணும் பண்ணலடா.”

“அப்ப கதவத் திற.”

எனக்கு வெட்கமாக இருந்தது. திறக்கவில்லை.

சமையலறையிலிருந்து வெனெத்தாவின் அறை பத்தடி. இதை எழுத எனக்குப் பதினொரு நாள் பிடித்தது. அந்தப் பத்தடியை நடந்தால்தான் முடிவு. எழுதினால் நடந்தது போல ஆகிவிடும், அதனால் எழுதமாட்டேன். வாசகரே, முடிந்தால் என்னைப் பிடித்துத் தள்ளுங்கள். மணி ஏழரை, அவன் வந்து நின்றுவிட்டான்.