பஞ்சுக் குச்சி

ஏழாம் எண் இயந்திரத்தின் கதவைத் திறக்கும்போதே அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். ஈர வெக்கை முகத்தில் அடித்தது. வாடை மூன்றாவது தட்டிலிருந்து என்று அதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. அந்தக் குஞ்சு பொரிப்பகத்தில் அவளுக்கு மூக்கக்கா என்றுதான் பெயர்.

கெட்ட முட்டையின் ஓட்டில் வியர்வைபோல மஞ்சள் நீர் துளிர்த்திருந்தது. அசைந்தால் வெடிக்கும்; வெடித்தால் தட்டு முழுக்கத் தெறிக்கும். இரண்டு விரலால் எடுத்து மருந்துத் தண்ணீர் வாளியில் அமிழ்த்தினாள். காலையிலிருந்து முப்பத்தொன்று. முன்பெல்லாம் வாரத்துக்கே நாலைந்துதான்.

"பிரசவம் பாக்குற மாதிரி எடுக்கறீங்கக்கா," என்றாள் வாளியைப் பிடித்திருந்த ஓரகத்தி. அவள் கைகளில் உறை இருந்தது. இருவருக்குமாக ஒரு ஜோடிதான் மிச்சம். அவளுக்கு விரலில் வெட்டுக்காயம்.

"வாயை மூடிட்டுப் பிடிடி. தெறிச்சா உள்ள போயிடும்."

அடுத்தது கையிலேயே வெடித்தது. பச்சைக் கூழ் முழங்கைவரை வழிந்தது.

அந்த நேரத்தில்தான் மேற்பார்வையாளர் பரிசோதனைக்கூடத்துப் பெண்ணோடு உள்ளே வந்தார்.

"கையை நீட்டுங்க. குஞ்செல்லாம் தொப்புள் அழுகிச் சாகுது. மேல கேக்கறாங்க."

"கழுவிட்டு வந்துடறேன் சார்."

"கழுவக் கூடாது. இருக்கறபடியே எடுக்கணும்," என்று அந்தப் பெண் பஞ்சுக் குச்சியைப் பிரித்தாள்.

"வெடிச்ச முட்டைய எடுத்த கையில வேற என்ன இருக்கும், சந்தனமா? பண்ணையிலேர்ந்து வர்ற முட்டையத் தொட்டுப் பாருங்க சார். தரையில கெடந்த அழுக்கு முட்டையக் கழுவிச் சேத்து அனுப்பறாங்க. ஓட்டு மேல மாவு மாதிரி இருக்கறது போயி வழவழன்னு இருக்கு. கிருமி உள்ள போகாம என்ன செய்யும்? போன மாசமே சொன்னேன்."

"அந்தப் பண்ணை நம்ம முதலாளியோட தம்பியோடதுக்கா," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "சும்மா இருங்க."

"என் பட்டியல்ல கை, விசிறி, தண்ணி, மூணுதான் இருக்கு," என்ற பெண், குச்சியை அவள் விரலிடுக்குகளில் உருட்டினாள். பிறகு, ஓரகத்தி உறையைக் கழற்றி நீட்டிய கையில் இன்னொரு குச்சி.

நான்காம் நாள் அவரே கூப்பிட்டனுப்பினார்.

"உங்க கையிலயும் இயந்திரத்துலயும் ஒரே கிருமின்னு வந்திருக்கு."

"பின்ன? அதைத்தானே எடுத்துக்கிட்டிருந்தேன்."

"எனக்குத் தெரியும்க்கா. காகிதத்துக்குத் தெரியாதே." அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளையிலேர்ந்து வர வேணாம்னுட்டாங்க."

பதினோரு வருஷம் என்று சொல்ல வாயெடுத்தாள். அது அவருக்கும் தெரியும்.

"அவளுக்கு?"

"சுத்தம்னு வந்திருக்கு. அவங்க இருக்கலாம்."

உடை மாற்றும் அறையில் ஓரகத்தி அழுதாள். "இருந்த ஒரே ஒறைய எனக்குக் குடுத்துட்டீங்கன்னு போய்ச் சொல்றேன்க்கா."

"சொல்லி? ரெண்டு பேரும் வீட்ல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காரவா? இருக்கறது ஒரே அடுப்பு, அது எரியட்டும். நீ போயி ஏழாம் நம்பரைத் தெற. இங்க வரைக்கும் வாடை வருது."

வாசலில் காவலாளி மருந்துத் தெளிப்பானோடு எழுந்து நின்றார்.

"கையை நீட்டுக்கா."

"உள்ள வரும்போதுதானே அடிப்பீங்க? நான் வீட்டுக்குல்ல போறேன்."

"உனக்கு மட்டும் அடிச்சு அனுப்பச் சொன்னாங்க." அவர் வேறெங்கோ பார்த்தார்.

நீட்டினாள். உள்ளங்கையில் அடித்ததும், அவர் கேட்காமலே புறங்கையைத் திருப்பினாள்.

வெளியே ஹாரன் அடித்தது. பண்ணையின் முட்டை வண்டி. காவலாளி தெளிப்பானைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தார். மருந்தில் டயர்கூட நனையாமல் வண்டி உள்ளே போனது. ஈரக் கைகள் உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடி, அவள் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.