குகையை விட்டு ஓடிய ஹீலர்

மழை பெய்தால் எங்களுக்குக் கொண்டாட்டம் என்று சொன்னால் நாரணாபுரத்தில் உதைப்பார்கள். மழையில் வெடி காயாது. காயாவிட்டால் பட்டாசுக் கம்பெனி லீவு, கூலியும் கிடையாது. ஊரே வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கும்போது நானும் பலவேசமும் ஒரே சைக்கிளில் சிவகாசி பிரவுசிங் சென்டருக்குப் பறப்போம்.

அங்கே எங்களுக்கு ஒரு படை இருந்தது. ஆன்லைன் விளையாட்டுதான். கோட்டை, காடு, பூதம், டிராகன் எல்லாம் உண்டு. தனியாகப் போனால் காட்டுப்பன்றிகூட முட்டிச் சாய்த்துவிடும், ஆள் சேர்த்துக்கொண்டுதான் போக வேண்டும். எங்கள் படைக்குத் தலைவன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். விளையாட்டில் அவன் பெயர் இடிமன்னன். நிஜப் பெயரை அவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கோயம்புத்தூர்க்காரன் ஒருவன், மலேசியாவிலிருந்து ஒருவன், அப்புறம் நாங்கள். நான் வாள் வீரன். பலவேசம் ஹீலர், அதாவது அடிபட்டவர்களுக்கு மந்திரம் போட்டு உயிரைத் திருப்பித் தருபவன்.

நிஜத்தில் பலவேசத்தை யாரும் தேடியதில்லை. வீட்டில் ஐந்தாவது பிள்ளை, பத்தாவது பெயில். போர்மேனுக்கு அவன் வெறும் ‘ஏய்’தான். இங்கே மட்டும், ஹீலர் வந்த பிறகுதான் குகைக்குள் போவது என்று முகம் தெரியாத மூன்று பேர் காத்திருப்பார்கள். திரையில் அதைப் படிக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாண மாப்பிள்ளை தோற்றுப்போவான்.

குகைக்குள் இருந்த டிராகன் நெருப்பைக் கக்குமுன் ‘புஸ்’ என்று ஒரு சத்தம் போடும். முதல் தடவை அதைக் கேட்டதும் நாங்கள் இருவரும் குகையை விட்டே ஓடிவிட்டோம். வெடி வேலையில் முதல் நாள் சொல்லித் தருவதே அதுதான். புஸ் என்றால் மருந்து பற்றிக்கொண்டது, செருப்பைத் தேடாதே, துண்டை எடுக்காதே, பக்கத்து ஆளைப் பார்க்காதே, ஓடு. நாங்கள் ஓடிவிட, உள்ளே மூன்று பேரும் கருகிப்போனார்கள். ஹீலர்தான் கடைசியாக வெளியே வர வேண்டும், இதுகூடத் தெரியாத கோழைகளா என்று இடிமன்னன் திட்டினான். ஏசி ரூமில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன தெரியும்? நான் பதிலுக்கு அசிங்கமாக எழுதினேன். பலவேசம் மன்னிப்புக் கேட்டான்.

அதற்கப்புறம் மழை வந்த நாளெல்லாம் அவன் தனியாகக் குகைக்குள் போய் நின்று பழகினான். “வெரல் தன்னால வாசலுக்குப் போகுதுலே” என்பான். விடாமல் பழகினான். கடைசியில், எல்லோரும் வெளியேறும்வரை நெருப்பில் நிற்கக் கற்றுக்கொண்டான். இடிமன்னனே பாராட்டினான்.

தீபாவளி சீசனில், பலவேசம் மருந்து கலக்கும் ரூமில் அந்தச் சத்தம் வந்தது. நான் அடுத்த ரூமில் இருந்தேன். ஓடினேன், திரும்பிப் பார்க்கவில்லை. ஓடைப் பக்கம் போய் மூச்சு வாங்கிக்கொண்டு பார்த்தபோது எல்லோரும் இருந்தார்கள், பலவேசம் இல்லை.

உயிர் பிழைத்தான். இரண்டு கையிலும் விரல்கள் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. மதுரை ஆஸ்பத்திரியில் அவனிடம் சண்டை பிடிப்பதுபோல்தான் கேட்டேன், ஏன் நின்றாய் என்று.

“சோலையம்மாக்கா உள்ள இருக்காகளோன்னு பாத்தேன்.”

சோலையம்மாள் அவனோடு வேலை பார்த்தவள். சத்தம் கேட்டதுமே பின்வாசல் வழியாகக் குதித்து வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டிருந்தாள். உள்ளே யாருமே இல்லை. யாருமில்லாத ரூமுக்குக் காவல் நின்றிருக்கிறான் படுபாவி. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

ஊருக்கு வந்ததும் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். படையில் அவன் இடம் இன்னும் இருக்கிறதா? இருந்தது, நூலில் தொங்கிக்கொண்டு. வருகிற ஞாயிற்றுக்கிழமை குகைக்குப் போகிறோம், அன்றைக்கும் ஹீலர் வராவிட்டால் வேறு ஆள் தயார் என்று இடிமன்னன் எழுதியிருந்தான். கை போனதைச் சொல்லிவிடலாம் என்றேன். பலவேசம் ஒத்துக்கொள்ளவில்லை.

“சொன்னா பாவம் பாத்து வச்சுக்கிடுவாங்க. அது வேண்டாம்லே. நீ எம் பேர்ல ஹீலரா ஆடு, நா பக்கத்துல இருந்து சொல்லுதேன்.”

அந்த ஞாயிறு நல்ல மழை. கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். என் வாள் வீரன் இடத்துக்கு வேறு ஒருவனைப் பிடித்திருந்தார்கள். பலவேசம் சொல்லச் சொல்ல நான் மவுஸை அழுத்தினேன். யாருக்கு எப்போது மந்திரம் போடுவது என்று அவனுக்கு அத்துப்படி. ஹீலர் முன்னைவிட நன்றாக ஆடுகிறான் என்று மலேசியாக்காரன் எழுதினான். விபத்துக்குப் பிறகு பலவேசம் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். டிராகனுக்கு இன்னும் கொஞ்சம்தான் உயிர் இருந்தது.

அப்போது புஸ் என்றது.

“நில்லுலே, நில்லு” என்றான் பலவேசம். காதில் விழுந்தது. விரல் கேட்கவில்லை. ஹீலர் குகையை விட்டு ஓடினான், காட்டு ஓரம்வரை ஓடினான். உள்ளே நாலு பேரும் எரிந்து விழுந்தார்கள்.

‘நீ திருந்தவே மாட்டே. இனிமே வராதே’ என்று இடிமன்னன் எழுதினான். அடுத்த நிமிஷம் படையிலிருந்து பலவேசத்தின் பெயரைத் தூக்கிவிட்டார்கள். காட்டு ஓரத்தில் ஹீலர் தனியாக நின்றுகொண்டிருந்தான், உடம்பில் ஒரு காயம் இல்லாமல்.

பலவேசத்தின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. கெட்ட வார்த்தையில் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். அவன் துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்துத் திரையில் நின்ற ஹீலரைக் காட்டினான்.

“அப்படித்தாம்லே ஓடணும்” என்றான்.

துண்டு நழுவிக் கீழே கிடந்தது. எடுத்து அவன் கைகளைப் போர்த்திவிட்டேன். வெளியே மழை விட்டிருந்தது. நாளைக்குக் கம்பெனி உண்டு, எனக்கு மட்டும்.