அவர் இல்லை

எமில்ராஜின் படகு கடற்றொழிலுக்குப் போய்த் திரும்பாத அன்றிலிருந்து றோஸ் ஒரே மன்றாட்டைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆண்டவரே, என்ரை மனுசனை உயிரோடை கொண்டுவந்து விடும்." அடுப்படியிலும் அதுதான். குருநகர்க் கரையில் மற்றப் பெண்களோடு நின்று கடலைப் பார்க்கும்போதும் அதுதான். படகில் அவனோடு போனவன் கஜீபன். உடுப்பிட்டியில் தோட்டஞ்செய்யும் குடும்பத்துப் பொடியன். கடல்மேல் ஆசைப்பட்டு வந்து எமில்ராஜிடம் தொழில் பழகியவன். றோஸின் கையால் எத்தனையோ தரம் சாப்பிட்டவன். ஆனால் அவளுடைய மன்றாட்டில் அவன் பெயர் வரவில்லை. வரவில்லை என்பதே அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

காற்று அடங்கிய ஒரு காலையில் மீனவர் சங்கத்து மரியரட்ணம் வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"பிள்ளை, காங்கேசன்துறைப் பக்கம் ஒரு சடலம் ஒதுங்கியிருக்காம். ஆரெண்டு தெரியேல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கினம். போய்ப் பாக்கவேணும்."

"ஒரு ஆளோ, அண்ணை?"

"ஓம். ஒரு ஆள்தான்."

ஓட்டோவில் போகும்போது மரியரட்ணம் ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தார். றோஸின் காதில் ஒன்றும் ஏறவில்லை. அவராய் இருக்கக்கூடாது, அவராய் இருக்கக்கூடாது என்று உதடு மட்டும் அசைந்தது.

பிரேத அறைக்கு வெளியே போட்டிருந்த வாங்கில் கஜீபனின் தாய் கமலாவதி ஏற்கெனவே வந்து இருந்தாள். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒராள் உள்ளுக்கு வாங்கோ" என்று கூப்பிட்டபோது கமலாவதி பாதி எழும்பித் திரும்ப வாங்கிலேயே இருந்துவிட்டாள். றோஸ் போனாள்.

துணியை விலக்கினார்கள். கடல் அந்த முகத்தை ஊதிப்போகச் செய்திருந்தது. முகத்தைப் பார்த்து ஆரென்று சொல்ல முடியாது. ஆனால் தலை நிறையக் கறுத்த மயிர். எமில்ராஜுக்கோ முன்மண்டை முழுக்க வழுக்கை.

"அவர் இல்லை!" றோஸ் கத்தியே விட்டாள். "ஐயோ, அவர் இல்லை! ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம்! மாதாவே, நன்றி தாயே!"

அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் பார்வை கீழே இறங்கியது. மணிக்கட்டில் சிவப்பு நூல். "சந்நிதி முருகன்ரை கோயிலிலை அம்மா கட்டிவிட்டவ, அக்கா" என்று ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த கஜீபன் கையைத் தூக்கிக் காட்டிய நூல்.

சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தாள். கமலாவதி இப்போது எழுந்து நின்றாள். இரண்டு கைகளும் தலைக்கு மேல் கூப்பியபடி இருந்தன. கண்ணீரோடு முகம் முழுக்கச் சிரிப்பு.

"நீ சொன்னது கேட்டது, பிள்ளை! எங்கடை ஆக்கள் இல்லை, என்ன? முருகா, சந்நிதி முருகா, என்ரை பிள்ளையைக் காப்பாத்திப்போட்டாய்!"

கமலாவதி றோஸின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"என்ன பிள்ளை? ஏன் கதைக்காமல் நிக்கிறாய்?"

"அம்மா… கையிலை நூல் கிடக்கு."

அந்தச் சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவதென்று தெரியாததுபோல் கொஞ்சநேரம் அந்த முகத்திலேயே நின்றது. அதைப் பார்ப்பதற்குப் பதில் தன் கண் அவிந்து போயிருக்கலாம் என்று றோஸுக்கு இருந்தது.

கஜீபனின் செத்தவீட்டுக்கு றோஸ் போய், மூலையில் நின்றுவிட்டு வந்தாள். பிறகு நெடுந்தீவுப் பக்கம் படகு கவிழ்ந்தபடி கிடைத்தது. எமில்ராஜைப் பற்றி மட்டும் ஒரு தகவலும் இல்லை.

றோஸால் மன்றாட முடியவில்லை. முழந்தாளிட்டால் அந்த அறைக்குள் தான் போட்ட சத்தம்தான் காதில் கேட்டது. இனித் தான் கேட்பது எந்த வீட்டிலிருந்து பிடுங்கித் தரப்படுமோ என்று பயந்தாள். "விட்டிடாதை, மன்றாடு பிள்ளை" என்றார் மரியரட்ணம். "என்னாலை ஏலாது, அண்ணை" என்றாள்.

கஜீபனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு ஒரு பின்னேரம் கமலாவதி பஸ்ஸேறிக் குருநகருக்கு வந்தாள். வாசலில் அவளைக் கண்டதும் றோஸ் எழும்பி நின்றாள். ஏசத்தான் வந்திருக்கிறாள், நல்லாக ஏசட்டும் என்று தலையைக் குனிந்தாள்.

"அம்மா, அண்டைக்கு நான் கத்தினது…"

"இரு. முதல் நான் சொல்லுறதைக் கேள். நீ உள்ளுக்குப் போகேக்கை, வெளியிலை இருந்து நான் என்ன கேட்டனான் தெரியுமோ? அது உன்ரை மனுசனாய் இருக்கவேணும் எண்டு. அவரின்ரை பேரைச் சொல்லிக் கேட்டனான், பிள்ளை."

றோஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கோபம் வருமென்று நினைத்தாள், வரவில்லை. அந்த வாங்கில் விபூதியோடு ஒடுங்கிப்போய் இருந்த அந்த மனுசியா? அப்படியா கேட்டாள்? தான் கேட்டதும் வேறென்ன?

"நானும் கோயிலுக்குப் போகாமல்தான் கிடந்தனான்," என்றாள் கமலாவதி. "பிறகு போனன். வேறை ஆரிட்டைப் போய்ச் சண்டை பிடிக்கிறது? ஏன் என்ரை பிள்ளை எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறன். பதில் இல்லை. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. எண்டாலும் நான் கேட்டது அவருக்குக் கேக்குது எண்டு மட்டும் தெரியுது. அண்டைக்கு நான் அப்படிக் கேட்டதுக்குப் பிறகும் என்னைத் துரத்தாமல் இருக்கிறார்தானே. இப்ப எமில்ராஜ் தம்பிக்காகவும் கேக்கிறன். நீ வரமாட்டியோ?"

இருவரும் கரையோரம் இருந்த அந்தோனியார் சுரூபத்தடிக்குப் போனார்கள். முழந்தாளிட்டுப் பழகாத கமலாவதி செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணமிட்டு இருந்தாள். றோஸ் முழந்தாளிட்டாள். பிறகு, "ஆண்டவரே, கஜீபன்," என்றாள். அந்தப் பெயரை அவள் கடவுளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அழுது முடித்துத்தான் மற்றதைச் சொல்ல முடிந்தது. "அவர் எங்கை இருந்தாலும் உம்மடை கண்ணுக்குத் தெரியும். எனக்குத் தெரியுமட்டும் என்னை விட்டிடாதையும்."

எமில்ராஜைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் கமலாவதி வருகிறாள். வரமுடியாத கிழமை றோஸ் உடுப்பிட்டிக்குப் போகிறாள். தெரியாத இலக்கத்திலிருந்து கைபேசி அடித்தால், எமில்ராஜைப் பற்றிய தகவலோ என்று இருவரும் இன்னும் செய்த வேலையை விட்டுவிடுகிறார்கள். எடுப்பது றோஸ். அவள் ஹலோ சொல்லி, மறுமுனையில் யாரென்று தெரியும்வரை, கமலாவதி அவளுடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.