நாண் பூட்டாத வில்

ஈச்சம்பாளையத்தில் நிலமும் கிணறும் பலருக்கும் உண்டு. வில்லைக் கையில் வாங்கிப் பார்த்து ஆகும், ஆகாது என்று சொல்கிற உரிமை சின்னண்ணன் குடும்பத்துக்கு மட்டும்தான். விஜயதசமியன்று சாமி குதிரை ஏறி வந்து, பூசாரி கோயில் வாழைமரத்துக்கு அம்பு போட்டு முடித்ததும், ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு வில்லோடு காட்டோரத்தில் வரிசை கட்டுவார்கள். அங்கே இன்னொரு வாழைமரம் நட்டு, அதில் சந்தனப் பொட்டு வைத்திருக்கும். பொட்டில் தைக்கிறவருக்குத் தலையில் உருமால் கட்டுவார்கள். வில்லைச் சோதிக்கிறவரே போட்டியிலும் நிற்கலாமா என்று அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. சோதித்தவரே பெரும்பாலும் ஜெயித்தும் வந்தார். அதையும் யாரும் கேட்கவில்லை. மரியாதை என்று ஒன்றைத் தூக்கி ஒருத்தர் கையில் கொடுத்துவிட்டால், பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காத ஊர்கள்தானே நம்முடையவை.

சோதனை ஒன்றும் பெரிய வித்தையில்லை. வில்லுக்கு நாண் பூட்ட வேண்டும். பூட்டிய வில் ஒரே வளைவாக நிற்க வேண்டும். நாண் இரண்டு நுனியிலும் வெட்டிய காடியில் தவிர வேறெங்கும் வில்லைத் தொடக்கூடாது. அவ்வளவுதான். சின்னண்ணனின் அப்பா நாண் பூட்டாத வில்லை ஏறிட்டும் பார்க்கமாட்டார். "பூட்டிக் கொண்டாப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

சின்னண்ணனின் தங்கை பாவாயியைக் கட்டியவர் மணியன். பக்கத்து ஊர்தான். சொந்த லாரி வைத்து, தானே ஓட்டிக்கொண்டிருந்தார். போட்டியில் வருசா வருசம் சின்னண்ணனுக்கு அடுத்தபடியாக வருகிறவர் அவர்தான். வாழப்பாடியைத் தாண்டி ஒரு திருப்பத்தில் லாரி சாய்ந்து மணியனின் இடது முழங்கை நொறுங்கியது. கட்டுப் போட்டு எலும்பு சேர்ந்துவிட்டது. ஸ்டியரிங் பிடிக்க முடிந்தது, வில்லைத்தான் பிடிக்க முடியவில்லை. நேர்மூங்கில் வில் அம்பை விட்டதும் பிடித்த கையை ஒரு உதை உதைக்கும். நல்ல கைக்கே அது தெரியும். நொறுங்கிச் சேர்ந்த முழங்கை அதைத் தாங்காது. அந்த வருசம் மணியன் வரிசையில் நிற்கவில்லை. ஓரமாக நின்று அம்பு பொறுக்கிக் கொடுத்தார். மணியன் வில்லை எவ்வளவு நேசித்தார் என்று தெரிந்த சின்னண்ணனுக்கே அதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சின்னண்ணன் கெட்ட மனுசன் இல்லை. கெட்ட மனுசனாக இருந்திருந்தால் இந்தக் கதையில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

அதற்கடுத்து எமர்ஜென்சி நடந்த வருசம், ஆயுத பூஜையன்று சாயங்காலம் மணியன் ஒரு நீளமான துணிப்பொதியோடு வந்தார்.

"ஏனுங்க மச்சான், இதக் கொஞ்சம் பாருங்க" என்று பிரித்தார்.

உள்ளே ஒரு வில். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற கைலாசம் செய்தது. ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் எந்தத் துரையோ விட்டுப்போன உடைந்த வில்லைப் பார்த்து அச்சுப்பலகை வெட்டியிருக்கிறார். மூங்கில் பட்டையும் மரப்பட்டையும் மாற்றி மாற்றி அடுக்கி, பசை போட்டு, அச்சில் வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கி எடுத்தது. நாண் இல்லாமல் பார்க்கக் கோணலாகத்தான் இருந்தது. பிடிக்குப் பக்கத்தில் வில்லின் இரண்டு கையும் நம்மைப் பார்த்துச் சாய்ந்து, நுனிக்கு வர வர எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டன.

"என்ன மாப்ளே, ஓணான் கணக்கா இருக்குது?" என்று சிரித்தார் சின்னண்ணன்.

"பூட்டிப் பாருங்க மச்சான்."

நாண் ஏறியதும் கோணல் போன இடம் தெரியவில்லை. மெலிதான, ஒரே வளைவு. சின்னண்ணன் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். நாண் காடியில் மட்டும் நின்றது. அவருடைய அப்பா உயிரோடு இருந்திருந்தால் தலையசைத்திருப்பார்.

இரண்டு பேரும் தோட்டத்துக்குப் போனார்கள். வரப்போரத்து வைக்கோல் போரில் மணியன் ஒரு துண்டைச் செருகி வைத்தார். முதல் அம்பை அவர் போட்டார். துண்டின் நடுவில் போய்ச் செருகியது. முகத்தில் வலியைக் காணோம். நொறுங்கிய முழங்கைக்காரர் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

"ஒதையே இல்லீங்க மச்சான். நீங்க ஒண்ணு போட்டுப் பாருங்க."

சின்னண்ணன் வாங்கி இழுத்தார். அவர் வில்லில் காதுப் பக்கம் வரும்போது கடைசி நாலு விரக்கடை மல்லுக்கட்டும். இது மல்லுக்கட்டவே இல்லை. முதலில் எப்படி வந்ததோ அப்படியே கடைசி வரை வழுக்கிக்கொண்டு வந்தது. விட்டார். அம்பு போனதுதான் தெரிந்தது. கையில் ஒன்றுமே தெரியவில்லை. வில் அப்படியே நின்றது. அம்பு அவருடைய அம்பைவிட வேகமாகப் போய், தாழாமல் நேராகத் தைத்தது. குறி பார்க்க அதில் ஊசியும் இல்லை, உருளையும் இல்லை. பழைய வில்லைப் போலவே கையும் கண்ணும்தான். அதுதான் அவரைக் கொன்றது. வேறு ஏதாவது எந்திரமாக இருந்திருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பார். இது அவர் அப்பாவின் வில்லேதான். ஆனால் அதைவிட நல்ல வில்.

இன்னும் ஒன்று போட்டார். இன்னும் ஒன்று. திருப்பிக் கொடுக்க மனசில்லை.

"நாளைக்கு இதோட வாரனுங்க" என்றார் மணியன்.

"வாங்க" என்றார் சின்னண்ணன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். நாளைக்கு உருமால் மணியனுக்கு என்பது அவருக்கு வைக்கோல் போரிலேயே தெரிந்துவிட்டது. அது போனால் போகட்டும் என்று ஒரு மனசு சொன்னது. அந்த மனசு பலமானது இல்லை. தனக்கு அந்த வில் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கவும் கூச்சம். வில்லுக்கு அதிகாரியான குடும்பம், மாப்பிள்ளையிடம் போய் வில் கேட்பதா? எனக்கும் ஒன்று செய்யச் சொல்லுங்கள் என்ற ஒரு வார்த்தையில் முடிந்திருக்க வேண்டிய சமாச்சாரம். அந்த ஒரு வார்த்தை வராமல் எத்தனை குடும்பங்கள் கெட்டிருக்கின்றன.

மறுநாள் பூசாரி அம்பு போட்டு முடிந்தது. வரிசையில் ஒவ்வொருவராக வில்லை நீட்டினார்கள். மணியன் முறை வந்தது. அவர் நாணைப் பூட்டப் போனார். சின்னண்ணன் கையை நீட்டி, "இப்பிடிக் குடுங்க மாப்ளே" என்று வில்லை வாங்கினார். நாண் பூட்டாமல் வாங்கினார். அதை எல்லாரும் பார்க்கும்படி தரையில் படுக்க வைத்தார்.

தரையில் அது கோணிக்கொண்டு கிடந்தது. கூட்டத்தில் ஒருவன் சிரித்தான்.

"இது ஒரு வளைவா, மூணு வளைவா? நீங்களே சொல்லுங்க" என்றார் சின்னண்ணன் ஊர்ப் பெரியவர்களைப் பார்த்து.

பெரியவர்கள் குனிந்து பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குப் பார்வை மட்டு. வில்லுக்காரர் சொல்கிறாரே என்று தலையாட்டினார்கள். மணியன் சின்னண்ணனின் முகத்தையே பார்த்தார். பூட்டிப் பாருங்க என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும், சின்னண்ணனுக்கு வேறு வழி இருந்திருக்காது. நேற்று சாயங்காலம் பூட்டிப் பார்த்த ஆளிடம் அதை எப்படிச் சொல்வது என்று மணியன் நினைத்தாரோ என்னவோ. குனிந்து வில்லை எடுத்துத் துணியில் சுற்றினார்.

அத்தோடு போயிருக்கலாம். போகவில்லை. ரோசக்காரர். பக்கத்தில் நின்ற மாரியப்பனின் நேர்வில்லை வாங்கிக்கொண்டு வரிசையில் வந்து நின்றார். சின்னண்ணன் தடுத்திருக்கலாம். அந்த முழங்கைக்கு நேர்வில் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாதா? தடுத்தால் காரணம் சொல்ல வேண்டுமே என்று அடுத்த ஆளின் வில்லைச் சோதிக்க வாங்கினார்.

மணியனின் முதல் அம்பு மரத்தில் தைத்தது. அடுத்தது பொட்டின் ஓரத்தில். அதற்கடுத்து விட்டபோது வில் கையைவிட்டு விழுந்தது. மணியன் உட்கார்ந்துவிட்டார். முழங்கை அங்கேயே வீங்க ஆரம்பித்தது. கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். உருமால் சின்னண்ணனுக்குத்தான்.

சேலத்தில் காட்டினார்கள், புத்தூர்க் கட்டும் போட்டார்கள். அந்தக் கை பிறகு நீளவேயில்லை. மடங்கியபடியே நின்றுவிட்டது. லாரிக்கு டிரைவர் போட வேண்டியதாயிற்று. மணியன் ஈச்சம்பாளையத்து விஜயதசமிக்கு வருவதை நிறுத்தினார். சண்டை என்று யாரும் சொல்ல முடியாது. கல்யாணம், காது குத்து எல்லாவற்றுக்கும் வந்தார், போனார், சாப்பிட்டார். "நல்லா இருக்கறீங்களா மச்சான்" என்று முதலில் கேட்கிறவரும் அவர்தான். அவர் திட்டியிருந்தால் சின்னண்ணன் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

பாவாயி மட்டும் ஒரு தடவை கேட்டாள். பொங்கலுக்கு வந்தவள், அண்ணனுக்குச் சோறு போட்டுக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"அப்பன் நாண் பூட்டாத வில்லப் பாத்து ஒருநாளும் தீர்ப்புச் சொன்னதில்லீங்கண்ணா."

சின்னண்ணன் குழம்பை ஊற்றச் சொன்னார். ஊற்றினாள். அதற்குமேல் அந்தப் பேச்சு அந்த வீட்டில் எழவில்லை.

வருசங்கள் ஓடின. கிணற்றுச் சுவரில் கம்ப்ரசர் வைத்துப் பக்கப்போர் துளைத்தார்கள், ஊருக்குள் பஸ் வந்தது, சின்னண்ணனுக்கு ஐம்பது தாண்டியது. இடது தோளில் ஒரு வலி பிடித்தது. அம்பு விடும் ஒவ்வொரு தடவையும் தோளில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. தைலம் தடவினார், ஒத்தடம் கொடுத்தார். இரண்டு விஜயதசமி அடுத்தவர்கள் உருமால் கட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாவதற்கு முன்னால் யாருக்கும் சொல்லாமல் நாமக்கல்லுக்குப் பஸ் ஏறினார்.

கைலாசத்தின் பட்டறையில் அந்த அச்சுப்பலகை பரண்மேல் கிடந்தது. தூசி தட்டி எடுத்தவர், "இந்த வில்லு கேட்டு உங்க ஊர்ப் பக்கமிருந்து முந்தி ஒருத்தர் வந்தாருங்க. நொந்த கைக்கு வேணுமின்னார்" என்றார். சின்னண்ணன் மடியிலிருந்து முன்பணத்தை எடுத்து எண்ணினார்.

அந்த விஜயதசமியன்று வரிசைக்கு முன்னால் நின்று அவர் பேசினார். காலம் மாறிப்போச்சு, பசை போட்டு ஒட்டினால் என்ன, ஒட்டாவிட்டால் என்ன, வில்லை நாண் பூட்டித்தான் பார்க்க வேண்டும், பூட்டி ஒரே வளைவாக நின்றால் அது நம்ம வில்தான் என்றார். புதுச் சட்டம் மாதிரிச் சொன்னார். அவருடைய அப்பா காலத்துச் சட்டம் அது. ஊர் சரியென்றது. ஊருக்கென்ன, அன்றைக்கும் சரியென்றது, இன்றைக்கும் சரியென்றது.

கைலாசம் செய்து கொடுத்த வில்லோடு வரிசையில் நின்றார். இழுத்தார். அன்றைக்கு வைக்கோல் போருக்கு முன்னால் இழுத்த அதே இழுப்பு. கடைசிவரை வழுக்கி வந்தது. விட்டார். தோளில் ஆணி இல்லை. கையில் உதை இல்லை. அம்பு பொட்டில் நின்று ஆடியது. அவ்வளவு சுகமாக அவர் அம்பு விட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. இதைத்தான் அந்த மனுசனிடமிருந்து பிடுங்கினோம் என்று அப்போதுதான் உடம்புக்கே உறைத்தது. அதுவரை மனசுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

கூட்டம் கை தட்டியது. திரும்பிப் பார்த்தால், வேப்பமரத்தடியில் மணியன். பாவாயி பக்கத்தில் நின்றாள். ஊருக்குப் பஸ் வந்துவிட்டதால் இந்த வருசம் வந்தோம் என்று பின்னால் யாரிடமோ சொன்னார்களாம்.

மணியன் நடந்து வந்தார். நரைத்திருந்தார்.

"குடுங்க மச்சான், பாக்கலாம்" என்று வலது கையால் வில்லை வாங்கினார். பிடியைத் தடவினார். நாணை விரலால் ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். இடது கைக்கு மாற்றிப் பிடித்து முன்னால் நீட்டப் பார்த்தார். கை பாதியில் நின்றது. இன்னும் கொஞ்சம் முயன்றார். நீளவில்லை. வில்லைத் தாழ்த்தித் திருப்பிக் கொடுத்தார்.

"ஒதைக்குதுங்களா?"

"இல்லீங்க மாப்ளே."

"ஒதைக்காது" என்றார் மணியன். "நல்ல வில்லுங்க."

பூசாரி தட்டில் உருமாலைக் கொண்டுவந்தார். ஜெயித்தவருக்கு மச்சினன் முறைக்காரர்தான் கட்ட வேண்டும். மணியன் வராத வருசங்களில் யாரோ பங்காளி வீட்டு மாப்பிள்ளைகள் கட்டினார்கள். இப்போது சொந்த மாப்பிள்ளையே எதிரில் நிற்கும்போது வேறு ஆளைக் கூப்பிட முடியுமா? "கட்டுங்க சாமி" என்று பூசாரி உருமாலை மணியன் கையில் கொடுத்தார்.

மணியன் வலது கையால் உருமாலைத் தலையில் ஒரு சுற்றுச் சுற்றினார். இடது கை தலைக்கு எட்டவில்லை. சின்னண்ணன் குனிந்தார். அப்போதும் எட்டவில்லை. இன்னும் குனிந்தார், இடுப்பை வளைத்து, மணியனின் மார்புக்கு நேராகத் தலை வரும்வரை. உருமால் கட்டிக்கொள்கிறவர் இப்படி வணங்கி நிற்பதை அந்த ஊர் பார்த்ததில்லை. பெரிய மனுசன் பணிவைப் பார் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னது அவர் காதில் விழுந்தது.

கண்ணுக்கு நேரே அந்த மடங்கிய முழங்கை. எலும்பு சேர்ந்த இடம் முடிச்சாகப் புடைத்திருந்தது. அதன் கீழேயே சின்னண்ணன் வாயைத் திறந்தார்.

"மாப்ளே, அன்னைக்கு நானு..."

"தலைய ஆட்டாதீங்க மச்சான்" என்றார் மணியன், மெதுவாக. "கட்டு நழுவுது."

சின்னண்ணன் தலையை ஆட்டாமல் நின்றார்.