முதல் கேள்வி

கணக்கெடுப்பு அலுவலகத்தில் அவளுக்குக் கிளிப்பிள்ளை என்று பட்டப்பெயர். எழுதிக்கொடுத்த கேள்வியை ஓர் எழுத்துப் பிசகாமல் கேட்பாள். கணவன் அடிப்பானா, எதற்கு அடிப்பான், எப்போதிலிருந்து என்று வீடு வீடாகப் போய்ப் பெண்களைத் தனியாக விசாரிப்பது வேலை. நடுவில் யாராவது வந்துவிட்டால் சட்டென்று காய்கறிக்குத் தாவிவிட வேண்டும். பயிற்சி வகுப்பில் இதை நாடகமாகவே போட்டுக் காட்டினார்கள். புருஷனாக நடித்த அதிகாரி சிரித்துக்கொண்டே போய்விட்டார். நிஜப் புருஷன்களும் அப்படியே போய்விடுவார்கள் என்றால் இந்தக் கணக்கெடுப்பே எதற்கு?

அந்த மாடி வீட்டுப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கழுத்தைத்தான் பிடிப்பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது வாசல் கதவு திறந்தது.

"வாரத்துல எத்தனை நாள் காய்கறி வாங்குவீங்க?" என்றாள் கிளிப்பிள்ளை.

உள்ளே வந்த கணவன் செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து ஓரமாக வைத்தான். குரலை உயர்த்தவேயில்லை.

"நல்ல கேள்விதான். இதுக்கா இவ அழுதா?"

கிளிப்பிள்ளை படிவத்தை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"சரி விடுங்க. நீ உள்ள வா. முதல் கேள்வி என்னன்னு எனக்கு மட்டும் சொல்லு. அப்புறம் மேடத்துக்கிட்டயும் கேக்கறேன். ரெண்டும் ஒண்ணா இருந்தா முடிஞ்சுது."

சமையலறைக் கதவு சாத்திக்கொண்டது. கிளிப்பிள்ளை வாசலைப் பார்த்தாள். ஓடிவிடலாம், ஓடினால் அடி அந்தப் பெண்ணுக்கு. என்ன சொல்லியிருப்பாள்? வயசா? பிள்ளைகளா? குடிதண்ணீரா? யாரும் எழுதித் தராத பதிலை இப்போது அவளே யோசிக்க வேண்டியிருந்தது.

அவன் மட்டும் வெளியே வந்தான்.

"சொல்லுங்க மேடம்."

"வயசு. வயசுதான் முதல்ல கேப்போம்."

அவன் முகம் மலர்ந்தது. "அவளும் அதைத்தான் சொன்னா. பார்த்துப் போங்க, படி வழுக்கும்."

போன உயிர் திரும்பி வந்தது. தடதடவென்று இறங்கினாள். கடைசிப் படியில்தான் உறைத்தது. அந்தப் பெண் சொன்னதை அவள் தன் காதால் கேட்கவில்லை. பதில் பொருந்தாமல் போயிருந்தாலும் அவன் இதையேதான் சொல்லியிருப்பான். வெளியாளை முதலில் அனுப்ப வேண்டுமே. மாடியில் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

முடித்த வீட்டுக்குத் திரும்பப் போகக் கூடாது என்பது விதி. விதியாவது மண்ணாவது என்று மேலே ஏறினாள். கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. பக்கத்து வீடுகளாவது திறக்கட்டும் என்று, உள்ளங்கை எரிய, ஓங்கி ஓங்கித் தட்டினாள்.