பொங்கப்படி கேட்ட கடிதம்

கரும்புக்கட்டு பள்ளிக்கூடக் கேட்டில் குறுக்காக மாட்டிக்கொண்டு, உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் நிற்கிறது, அதைத் தோளில் வைத்திருக்கும் ஆள் இந்தப் பக்கம் திரும்பினால் தோகை வாட்ச்மேன் முகத்தில் உரசுகிறது, அந்தப் பக்கம் திரும்பினால் கோலத்தில் விழுகிறது, விடியற்காலையில் கண் திறக்கும் முன்பு இப்போதும் எனக்கு இதுதான் வருகிறது, கனவுதான் என்று புரண்டு படுப்பேன், பிறகு இல்லை, நடந்ததுதான் என்று தெரிந்து எரிச்சல் வரும், கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கப் போய் எனக்கு வாய்த்தது இது. தென்காசியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருக்கிறேன், மார்கழி பாதி போய்விட்டது, பொங்கலை ஒட்டிப் மாமாவுக்கு எழுதுற மாதிரி பிள்ளைகளுக்குக் கடிதப் பயிற்சி கொடுங்க, ஓரத்தில் பானையும் கரும்பும் வரையட்டும், விழா அன்றைக்குத் தோரணமாகத் தொங்கவிடலாம் என்கிறார் தலைமையாசிரியை ரோஸ்லின், தொங்கவிடவா மேடம் கடிதம், தபாலில் போட வேண்டாமா என்கிறேன், போட்டுக்கோங்க, கலர் மட்டும் பளிச்சுன்னு இருக்கணும் என்கிறார். பிள்ளைகள் அதற்கு மேல். அத்தனை பேரும் மாமாவுக்கு நலம், அத்தனை மாமாவிடமும் நலமறிய ஆவல், பெறுநர் முகவரி எங்கேடா என்றால் ஆலமரத்துக்குப் பக்கத்து வீடு என்கிறான் ஒருவன், பின்கோடு என்றால் ஃபோன் நம்பரா டீச்சர் என்கிறான் இன்னொருவன், அனுப்புநர் இடத்தில் ஒருத்தி 'நான்' என்று மட்டும் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாள், பானை வரைவதில் மட்டும் ஒரு குறையும் இல்லை, பால் பொங்கி வழிந்து பாதிக் கடிதத்தை மூடிவிட்டது.

பொறுமை போய் மேசையைத் தட்டுகிறேன், ஏலே, உங்க மாமா முன்னால வந்து நின்னா நலமறிய ஆவல்னா சொல்லுவீங்க, நேர்ல பார்த்தா என்ன கேட்பீங்களோ அதை எழுதுங்க, நான் படிக்க மாட்டேன், ஒட்டிக் கொடுங்க, தபாலில் போட வேண்டியது என் பாடு. வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கிற பிள்ளைகள், அதனால் அனுப்புநருக்குப் பள்ளிக்கூட முகவரியே போதும் என்றும் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் சொர்ணப்பிரியா எழுந்து களக்காட்டுக்குப் பின்கோடு என்ன டீச்சர் என்று கேட்டாள், பெருமையாக இருந்தது, ஒருத்திக்காவது புத்தி வந்ததே என்று தபால் நிலையத்தில் விசாரித்து வந்து சொன்னேன், வேறு என்னத்தைக் கண்டேன்.

விழா அன்றைக்குக் கரும்பை நிமிர்த்தி ஒருவழியாக உள்ளே கொண்டுவந்த அந்த ஆள், லெட்டர் எழுதச் சொன்ன டீச்சர் நீங்களா, நான் பலவேசம், சொர்ணத்தோட தாய்மாமன் என்கிறார், கூடவே ஒரு சாக்கில் அரிசி, வெல்லம், பனங்கிழங்கு, மஞ்சள்குலை, புதுப்பானை, தங்கச்சிக்குப் பிறந்த வீட்டுச் சீராகப் பொங்கப்படி. எல்லாரு மாமாவும் படி கொண்டு வாராங்க, நீங்க மட்டும் ஏன் வரல, நீங்க செத்துப்போயிட்டீங்களான்னு கேட்டு எழுதிட்டா டீச்சர், என்று சிரிக்க ஆரம்பித்தவருக்குச் சிரிப்பு வரவில்லை, வாய் கோணிக்கொண்டது. வீட்டுக்கு எப்படிப் போக, வாசல்ல நிக்கவிடுவாளோ என்னமோ, லெட்டர்ல இந்த அட்ரஸ்தான் இருந்தது, அதான் இங்க வந்தேன். யாரோ ஓடிப்போய்த் தையல் கடையிலிருந்து சொர்ணத்தின் அம்மா பேச்சியம்மாளைக் கூட்டிவந்துவிட்டார்கள், ஒலிபெருக்கியில் பொங்கல் பாட்டு, பிள்ளைகள் பட்டுப்பாவாடையில், நடுவில் அண்ணனும் தங்கையும், ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. அவள் என்னைத்தான் பார்க்கிறாள், நான் பிடிச்சவனைக் கட்டிக்கிட்டு வந்தேன்னு அப்பா செத்ததுக்குக்கூட எனக்குச் சொல்லிவிடாதவன் டீச்சர் இவன், பத்து நாள் கழிச்சு சந்தையில எவளோ சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன், லெட்டர் எழுதச் சொல்லிக்கொடுத்தீங்களே, வந்து நிக்கிறவன்கிட்ட என்ன பேசன்னு எனக்கு யாரு சொல்லித்தருவா? பாடத்திட்டத்தில் அது இல்லை. அவள் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள், பலவேசம் கரும்பையும் சாக்கையும் என் காலடியில் இறக்கி வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

அரிசி நல்ல அரிசியா இருக்கு, நம்ம விழாப் பானையிலேயே போட்டுடலாமா என்கிறார் ரோஸ்லின் மேடம், நான் அவரிடம் என்ன சொன்னேன் என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நல்லது. கரும்பை ஆட்டோவில் ஏற்றி, சாக்கை என் ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக் கால் வைக்க இடமில்லாமல் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போகிறேன், எனக்கு ஏன் இந்த வேலை, தமிழ் வாத்தியாருக்கு எதற்கு இந்தத் தலையெழுத்து என்று வழியெல்லாம் எனக்குள் புலம்பிக்கொண்டு. கதவைத் திறந்தாள், சாக்கைப் பார்த்தாள், தொடவில்லை, கொண்டுபோயிருங்க டீச்சர் என்றாள், நான் எங்கே கொண்டுபோக என்று கத்தியேவிட்டேன், உள்ளே சொர்ணம் தேம்பிக்கொண்டிருந்தாள், சாக்கு வாயில் தெரிந்த புதுப்பானையின் கழுத்தில் மஞ்சள்குலை வாடத் தொடங்கியிருந்தது. கதவைச் சாத்தப்போனவள் நின்றாள். அவன் சாப்பிட்டானா?

தெரியலம்மா.

காலையில ஒண்ணும் திங்கமாட்டான் அவன், வாந்தி வரும்னு வெறும் வயித்துலதான் பஸ் ஏறுவான், என்றாள், செருப்பை மாட்டிக்கொண்டு அவளாகவே வந்து ஸ்கூட்டரில் ஏறினாள், வழி முழுக்க என்னைத்தான் திட்டினாள், குடும்ப விஷயத்துல உங்களுக்கு என்ன, பிள்ளைக்கு இதையா சொல்லிக்கொடுப்பாங்க, பஸ்ஸு போயிரும், வெரசா ஓட்டுங்க. களக்காடு வழி நாகர்கோயில் பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது, பின் சீட்டு ஜன்னலில் பலவேசத்தின் முகம், அவள் ஓடிப்போய் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், அப்பா செத்ததுக்கு ஏன்டா சொல்லிவிடல, எறங்கு, வீட்டுக்கு வந்து பதில் சொல்லிட்டுப் போ, எறங்குடா. கண்டக்டர் விசில் ஊதுகிறார், மறுபடியும் ஊதுகிறார், பலவேசம் எழுந்திருக்கிறார், படியில் இறங்கும்போது கால் தடுமாற அவள் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொள்கிறாள், அடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன், பிடித்த பிடியை விடவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, என்ன பார்த்துட்டே நிக்கிய டீச்சர், சோறு வடிக்கணும், வண்டிய எடுங்க என்கிறாள்.