தைனாவுக்கு ஆகாத வாத்து

“தைனா தட்டுல வாத்துக்கறி போடுங்க, ஞானம்மா.”

அந்த வீட்டு மேசையில் எதையும் வாய்விட்டுக் கேட்கக் கூடாது என்று சொல்லித்தான் ஜுசிலேனியை அவள் அம்மா அன்று ஆற்றுத் தீவிலிருந்து படகேற்றினாள்; இன்று ஜுசிலேனி கேட்டுவிட்டாள். தன் ஞானத்தாய் ஒதெத்தியின் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே உணவியல் படித்து, பட்டம் வாங்கி, வெளியேறியவள் ஜுசிலேனி. அவள் விட்ட இடத்தில் இப்போது தங்கை தைனா.

மாதா ஊர்வலம் முடிந்து பெலெம் நகரமே விருந்துக்கு உட்கார்ந்திருந்த ஞாயிறு. மரவள்ளிச் சாற்றில் வெந்த வாத்து மேசை நடுவே ஆவி விட்டது. தைனா அடுக்களை வாசலில் நின்றபடி வெறும் சோறும் மரவள்ளி மாவும் தின்றுகொண்டிருந்தாள்.

ஒதெத்தி நிமிரவே இல்லை. “வாத்து கரப்பான்டி. அவ கையப் பாரு, சொறிநாய் மாதிரி. அதான் மீனு, முட்டை, எறால் எல்லாத்தையும் நிறுத்திட்டேன். அவ நல்லதுக்குத்தான்.”

“உங்க மகன் மூஞ்சியெல்லாம் பரு சீழ் கட்டி நிக்குது. ரெண்டாவது தொடையக் கடிக்கிறான். அவனுக்குக் கரப்பான் கெடையாதா?”

மகன் கயோ எலும்பை உறிஞ்சினான். “என்னுது வயசுப் பரு, அக்கா. அவளுது ஆத்துச் சேறு. கழுவினாலும் போகாது.”

மேசையே சிரித்தது.

சில உணவு சிலர் தோலுக்கு ஆகாது. அதைக் கண்டுபிடிப்பதுதான் ஜுசிலேனியின் படிப்பு. ஆனால் தைனாவின் கை வெந்தது பிளீச்சிங் தண்ணீரில். வாயோரம் வெடித்ததும், சின்னக் கீறல்கூட ஆறாமல் கிடப்பதும், மீனும் முட்டையும் நின்ற பிறகு வந்தவை. போன மாதமே இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். “எங்க வீட்டு எச்சில் தின்னு படிச்சவ எனக்கே பத்தியம் சொல்றியா?” என்றாள் ஒதெத்தி.

ஜுசிலேனி தானே ஒரு துண்டை எடுத்துத் தங்கையின் தட்டில் வைக்கப் போனாள். தைனா தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

“வேணாங்க்கா. தின்னா ஒடம்பு அழுகிடுமாம். ஞானம்மா சொன்னாங்க.”

“பாத்தியா,” என்றாள் ஒதெத்தி. “பட்டதாரிக்கு இல்லாத புத்தி அதுக்கு இருக்கு.”

ஜுசிலேனி அந்தத் துண்டைக் கயோவின் தட்டில் எறிந்தாள். தங்கையின் மணிக்கட்டைப் பற்றினாள். புண்ணில் விரல் பட்டு தைனா துடித்தாள். பிடி தளரவில்லை. தைனாவின் துணிமூட்டை காலையிலிருந்தே வெளிக்கதவுக்குப் பக்கத்தில் கட்டிக் கிடந்தது. அதைக் கட்டி வைத்துவிட்டுத்தான் ஜுசிலேனி மேசைக்கே வந்திருந்தாள்.

“அக்கா, பாத்திரமெல்லாம் அப்படியே கெடக்குதே,” என்று தைனா அழுதாள்.

ஜுசிலேனி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, பிடித்த கையை விடாமல் தங்கையோடு தெருவில் இறங்கினாள்.